ஒயரக்காவும் சாகாத கம்ப்யூட்டரும்

அந்தத் தெருவில் ஒயரக்காவின் காதுபட யாரும் "கம்ப்யூட்டர் போச்சு" என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் அவ்வளவுதான். கையில் இருக்கும் குறடை மேசைமேல் டங்கென்று வைப்பாள். "போச்சா? எங்க போச்சு? டிக்கெட் எடுத்துட்டுப் போச்சா?" என்று ஆரம்பிப்பாள். அதற்கப்புறம் சொன்னவர் பாடு திண்டாட்டம்தான்.

அவள் சொல்லும் கம்ப்யூட்டர் வீட்டில் வைத்துப் படம் பார்ப்பது இல்லை. வண்டியில் டிரைவரின் கால்மாட்டில், மிதியடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும் தகரப் பெட்டி. எந்த சிலிண்டருக்கு எப்போது பெட்ரோல் பீய்ச்ச வேண்டும், எவ்வளவு நேரம் பீய்ச்ச வேண்டும் என்று இன்ஜெக்டர்களுக்கு உத்தரவு போடுவது அதுதான். வண்டி இழுக்கவில்லையா, குலுங்குகிறதா, நடுரோட்டில் நிற்கிறதா, என்ன ஏது என்று கண்டுபிடிக்க முடியாதவர்கள் எல்லாரும் கடைசியில் பழியைத் தூக்கி அந்தப் பெட்டியின் தலையில் போடுவார்கள். பாவம், அதற்கு வாய் இருக்கிறதா என்ன, இல்லையென்று சொல்ல?

ஒயரக்காவுக்கு வாய் இருந்தது. தாராளமாகவே இருந்தது.

சின்ன வயதில் ஒரு தொழிற்சாலையில் ரேடியோ பலகைகளுக்கு ஈயம் வைக்கிற வேலை பார்த்தவள். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் கை நீட்டினான். முதல் தடவை பொறுத்தாள். அடுத்த தடவை துணிப்பெட்டியோடு பஸ் ஏறிவிட்டாள். வாசலில் வந்து நின்றவளை அண்ணன் ஏன் என்று கேட்கவில்லை. "இரு" என்று ஒரு வார்த்தை சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்காக அவனுடைய எத்தனையோ வார்த்தைகளை அவள் பொறுத்துக்கொண்டிருக்கிறாள்.

அண்ணன் நடத்தியது வண்டிப் பட்டறை. அதற்கு முன் அதே இடத்தில் அவர்களுடைய அப்பா வண்டி சீட்டு தைக்கிற கடை வைத்திருந்தார். அப்பா போனபின் தையல் மெஷின் விலைக்குப் போயிற்று. மிஞ்சியது தடித்த கோணி ஊசி ஒன்று. அண்ணன் அதை விடவில்லை. மீட்டரின் கிளிப்பை அதில் மாட்டி, ஒயர்களில் கரண்டு வருகிறதா என்று பார்க்க வைத்துக்கொண்டான். சட்டைப் பையில் பேனா மாதிரி எப்போதும் செருகியிருக்கும். ஒயரக்காவுக்குப் பட்டறையின் பின்பக்கம், ஜன்னலோரம் ஒரு மேசை. உட்கார ஒரு முக்காலி, அதன் மெத்தை கிழிந்து உள்ளே இருக்கும் பஞ்சு எட்டிப் பார்க்கும். ஊரில் உள்ள வண்டிகளின் ஒயர்கள் எல்லாம் அந்த மேசைக்கு வந்து சீராகித்தான் போயின. வாடிக்கையாளர்கள் அவளுக்கு ஒயரக்கா என்று பெயர் வைத்தது அதனால்தான். அண்ணனைத் தேடி வருகிறவர்களைவிட அவளைத் தேடி வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்பதை அண்ணன் கவனிக்காமல் இல்லை.

இந்த நிலைமையில்தான் வேன்காரம்மாவின் வேன் வந்தது.

வேன்காரம்மா பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். அவள் குரலைக் கேட்டால் வேனுக்கு ஹாரனே தேவையில்லை என்று தோன்றும். முன்பு ஒரு தடவை அந்த வேனின் ஒயரை எலி கடித்துவிட்டது. அண்ணன் பிளக்கில் ஊசியை விட்டுத் தேடி எந்த ஒயர் என்று கண்டுபிடித்தான். ஒயரக்கா அதை வெட்டி இணைத்து ஈயம் வைத்துக் கொடுத்தாள். கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. இப்போது மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் குலுங்குகிறது, இழுக்காமல் முக்குகிறது, சில நேரம் அணைந்தே போகிறது.

"நேத்து சிக்னல்ல நின்னுபோச்சுக்கா. பின்னாடி லாரிக்காரன் அடிக்கிற ஹாரன்ல பிள்ளைங்க எல்லாம் அழுவுது" என்றாள் வேன்காரம்மா.

கோளாறு எங்கே என்று படித்துச் சொல்லும் ஸ்கேனரை அண்ணன் மாட்டிப் பார்த்தான். மூன்றாவது இன்ஜெக்டரின் சர்க்யூட்டில் கோளாறு என்று காட்டியது. ஒயரக்கா மூன்றாவது இன்ஜெக்டரைக் கழற்றி ஒன்றாவது இடத்தில் போட்டாள். ஒன்றாவதை மூன்றில் போட்டாள். அப்படியும் கோளாறு மூன்றிலேயே நின்றது. ஆக, இன்ஜெக்டர் மேல் குற்றமில்லை. அடுத்தது ஒயர். கம்ப்யூட்டரின் பெரிய பிளக்கைக் கழற்றி, அண்ணன் ஊசியைச் செருகி மீட்டரைப் பார்த்தான். ஒயர் எங்கேயும் அறுபடவில்லை. அவளும் தன் பங்குக்கு பிளக்கின் பின்பக்கமாக மெல்லிய முள்ளை விட்டுப் பார்த்தாள். ஒயர் சுத்தம்.

"அப்புறம் என்ன? கம்ப்யூட்டர்தான் போச்சு" என்றான் அண்ணன்.

"போகல."

"இன்ஜெக்டர் நல்லாருக்கு, ஒயர் நல்லாருக்கு. மிச்சம் என்ன இருக்கு? நீயே சொல்லு."

அப்படியும் அவள் ஒற்றைக் காலில் நின்றாள். பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். எங்கேயும் கருகல் இல்லை, ஈயம் விடவில்லை. சூட்டில் மக்கர் செய்கிறதோ என்று அண்ணியின் முடி உலர்த்தும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து பெட்டிமேல் சூடாக ஊதினாள். எஞ்சின் அலுங்காமல் ஓடியது. அண்ணிதான் ஈரத் தலையோடு பட்டறை வாசலில் வந்து நின்று, "ஏம்மா, வண்டிக்கு எப்பம்மா தலை குளிப்பாட்டினீங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் அவன் அந்த வார்த்தையைச் சொன்னான். வேன்காரம்மா நின்றுகொண்டிருந்தாள். எதிர்ப்புற டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதெல்லாம் அவன் கண்ணில் படவில்லையா, பட்டுத்தான் சொன்னானா தெரியாது.

"எலி கடிச்ச ஒயருக்கு நீ ஈயம் வச்சியே, அன்னிக்கு பேட்டரியக் கழட்டினியா? கழட்டாம வச்சிருப்ப. கரண்டு ஏறி கம்ப்யூட்டர் கருகிப்போச்சு. அதான் விஷயம்."

"கழட்டிட்டுத்தான் வச்சேன்."

"யாரு பார்த்தா?"

பட்டறையில் இத்தனை வருஷம் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட திருப்பி அறைந்திருப்பாள். இதற்கு என்ன செய்வது? அவள் முகம் கறுத்துப்போயிற்று.

"நாளைலருந்து நீ முன்னாடி உக்காரு. போன் எடுக்க ஆள் இல்லாம கஷ்டமா இருக்கு. ஒயர் வேலைய மச்சான் வந்து பார்ப்பான்" என்றான் அண்ணன்.

மச்சான் என்றது அண்ணியின் தம்பியை. புதுசாக ஒரு பெரிய ஸ்கேனர் வாங்கி வைத்துக்கொண்டு, எங்கே மாட்டுவது என்று தேடிக்கொண்டிருந்தவன். ஆக, இது இன்று நேற்று முடிவானது இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. ஜன்னலோர மேசையைப் பறிக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. வேன் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, அண்ணன் சொன்னதுதான் நடந்தது. பழைய இரும்புக் கடையிலிருந்து, அதே மாதிரி வேனில் கழற்றிய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். வேன் சிணுங்காமல் ஓடியது. தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தது. அண்ணன் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டான். "பார்த்தியா?" என்று கேட்கக்கூட இல்லை. பழைய பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் எறிந்தான். டீக்கடைக்காரர் அனுதாபத்தோடு ஒயரக்காவுக்கு ஒரு டீ அனுப்பினார். அவள் அதைக் குடிக்காமல் ஆறவிட்டாள்.

அன்று ராத்திரி வீட்டில் அவள் சாப்பிட உட்கார்ந்தாள். அண்ணி தட்டை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "என் தம்பிக்காக நான் ஒண்ணும் கேக்கலம்மா. அவராத்தான் சொன்னாரு" என்றாள்.

"தெரியும் அண்ணி."

"நெசமாவே பேட்டரியக் கழட்டினியா?"

அண்ணி சாதாரணமாகத்தான் கேட்டாள். ஒயரக்காவுக்குக் கழற்றியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நெகட்டிவ் ஒயரைத் துணி சுற்றி ஓரமாக ஒதுக்கி வைத்தது, துணியில் கிரீஸ் இருந்தது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் வேறு பெட்டி போட்டதும் வண்டி ஓடுகிறதே! ஒருவேளை நான்தானோ? அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கழட்டினேன் அண்ணி. கழட்டினேன்னா கழட்டினேன்தான்" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளாமல் முழுக்கச் சாப்பிட்டாள். பட்டினி கிடந்தால் குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

முன்பக்க மேசையில் போனும் ஒரு காலண்டரும்தான். அவள் உட்கார்ந்தாள். போன் எடுத்தாள். "இல்லைங்க, ஒயரக்கா இல்ல, போன் அக்காதான் பேசறேன்" என்றாள் சிலரிடம். அண்ணனின் காதில் விழட்டும் என்றே சொன்னாள். பின்பக்கம் அவளுடைய முக்காலி காலியாகக் கிடந்தது. மச்சான் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தான்.

அதற்கு முன்னால் போன் அடித்தது.

"பட்டறைங்களா? வேன் நின்னுபோச்சு!" இந்தக் குரலுக்குப் பெயர் கேட்கத் தேவையில்லை.

ஒயரக்கா எழுந்து நின்றுவிட்டாள். "எதுல ஏறி இறங்கினப்ப நின்னுச்சு?"

"வேகத்தடை. எப்படிக்கா தெரியும்?"

"பிள்ளைங்க உள்ள இருக்காங்களா?"

"இல்ல, இறக்கிட்டேன். வெறும் வண்டி."

"அப்படியே கட்டி இழுத்துட்டு வா. யாரையும் எதையும் தொட விடாத."

வேன் வந்து சேர்ந்ததும் அண்ணன் ஸ்கேனரை மாட்டினான். அதே மூன்று. அதே இன்ஜெக்டர் சர்க்யூட். "இரும்புக் கடைப் பெட்டில்ல, அதுவும் போயிருக்கும். புதுசு ஒண்ணு போட்டாத்தான் சரியா வரும்" என்றான்.

"இன்னொண்ணா?" என்று கத்தினாள் வேன்காரம்மா. "நான் வேன் ஓட்டறனா, கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கனா?"

ஒயரக்கா அலமாரிக்குப் போனாள். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மேல்தட்டில் தூசியில் கிடந்த பழைய பெட்டியை எடுத்தாள். முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என்ன பண்ற?" என்றான் அண்ணன்.

"செத்ததக் கொண்டாந்து மாட்டப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? போய் முன்னாடி உக்காருன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. உக்காந்தேன். இப்ப எந்திரிச்சுட்டேன்."

"இந்தப் பட்டறைல என் பேச்சக் கேக்கலன்னா..." என்று ஆரம்பித்தான்.

"துரத்திடுவியா? துரத்து. இத மாட்டிட்டுப் போறேன்." அவள் வேனுக்குள் குனிந்து மிதியடிக்கடியில் தலையை விட்டாள். இரும்புக் கடைப் பெட்டியின் பிளக்கைக் கழற்றினாள். பழைய பெட்டியில் செருகினாள். "சாவியப் போடு" என்றாள் வேன்காரம்மாவிடம். வேன்காரம்மா அண்ணன் முகத்தைப் பார்க்கவே இல்லை. போட்டாள்.

வேன் பிடித்துக்கொண்டது. நாலு சிலிண்டரும் நன்றாக ஓடின. கருகிப்போனது, செத்துப்போனது, அவள் கையால் கொன்றது என்று தெருவெல்லாம் பேர் வாங்கிய அதே பெட்டி, இன்ஜெக்டர்களுக்கு வரிசையாக உத்தரவு போட்டுக்கொண்டிருந்தது.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணா, இப்ப சொல்லு. இது செத்துச்சா?" என்று கேட்டாள். அவளே தொடர்ந்தாள். "இதுவும் மக்கர் பண்ணுச்சு, அதுவும் மக்கர் பண்ணுச்சு. கழட்டி மாட்டினா இதுவும் ஓடுது, அன்னிக்கு அதுவும் ஓடுச்சு. அப்ப பெட்டி இல்ல. கழட்டி மாட்டறோமே, அந்த இடத்துலதான் கோளாறு. பெட்டிய மாத்தினதால ஓடல. பிளக்க அழுத்திச் செருகினதால ஓடுச்சு. இது தெரியாம நான் முடி உலர்த்தற மெஷினத் தூக்கிட்டு அலைஞ்சேன் பாரு, என்னச் சொல்லணும்."

மூன்றாவது இன்ஜெக்டரின் பிளக்கைக் கழற்றி, அதில் ஒரு சின்ன சோதனை விளக்கை மாட்டினாள். பெட்டி உத்தரவு போடும்போதெல்லாம் மினுக்குகிற விளக்கு. எஞ்சின் மற்ற மூன்று சிலிண்டரில் கொஞ்சம் முனகிக்கொண்டு ஓட, விளக்கு டிக்டிக்கென்று மினுக்கிக்கொண்டிருந்தது. "வேன்காரம்மா, விளக்கவே பாரு. நான் ஒயர ஆட்டறேன்" என்று சொல்லிவிட்டு, கால்மாட்டில் பெட்டிக்குப் போகும் ஒயர்க்கட்டைப் பிடித்து லேசாக அசைத்தாள்.

"போச்சு!" என்றாள் வேன்காரம்மா. "இப்ப வந்துடுச்சு. ஐயோ, திரும்பவும் போச்சு!"

எஞ்சினை அணைக்கச் சொன்னாள். இந்தத் தடவை பேட்டரியைக் கழற்றினாள். கழற்றிய ஒயரைத் தூக்கிப் பிடித்து, "எல்லாரும் பார்த்துக்குங்க. கழட்டிட்டேன்" என்றாள். டீக்கடைப் பக்கமும் திரும்பிக் காட்டினாள். டீக்கடைக்காரர் கையை உயர்த்தி, பார்த்துவிட்டதாகச் சைகை செய்தார்.

அப்புறம் பெரிய பிளக்கைக் கழற்றினாள். அதில் வரிசை வரிசையாகச் சின்ன ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு சின்னத் தகட்டுப் பிடி. பெட்டியில் நீட்டிக்கொண்டிருக்கும் முள் உள்ளே போனதும் இறுக்கிப் பிடித்துக்கொள்வது அதன் வேலை. வேறு ஏதோ வண்டியின் உடைந்த பெட்டியிலிருந்து அதே கனத்தில் ஒரு முள்ளை வெட்டி எடுத்தாள். ஒன்றாவது இன்ஜெக்டரின் ஓட்டையில் விட்டு இழுத்தாள். வரமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. இரண்டாவதும் பிடித்தது. மூன்றாவதில் விட்டுப் பிளக்கைக் கவிழ்த்தாள். முள் தானாகவே கீழே விழுந்து வேனின் அடியில் உருண்டது.

"ஒயர் நல்லாருக்குன்னு மீட்டர் சொன்னது பொய் இல்ல. ஒயர் நல்லாத்தான் இருக்கு. பிடிதான் வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது" என்றாள். அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். "எலி கடிச்ச அன்னிக்கு எந்த ஒயர்னு தேடினியே, இந்த ஓட்டைல எத விட்டுப் பார்த்த?"

அண்ணனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. சாக்கு தைக்கிற ஊசி. குண்டூசி நுழையும் ஓட்டையில் அதைத் திணித்தால் பிடி அகலாமல் என்ன செய்யும்? அவனுக்கே அது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கை பையிலேயே நின்றது.

"மெதுவாப் பேசு. வெளியாளுங்க இருக்காங்க" என்றான்.

அவ்வளவுதான், பொங்கிவிட்டாள். "ஏன் மெதுவாப் பேசணும்? நான் கருக்கிட்டேன்னு சொன்னப்ப மெதுவாவா சொன்ன? யாரு பார்த்தான்னு கேட்டப்ப வெளியாளுங்க இல்லையா? இத்தன வருஷம் உன் பக்கத்துல உக்காந்து ஈயம் வச்சிருக்கேன். ஒரு வண்டி, ஒரே ஒரு வண்டி என்னால திரும்பி வந்திருக்கா? நீ என்னைய 'இரு'ன்னு சொன்ன. அத நான் மறக்கல. ஆனா அதுக்காக நான் செய்யாததச் செஞ்சேன்னு தலைல கட்டினா வாங்கிக்க மாட்டேன். அண்ணனா இருந்தாலும் மாட்டேன். அன்னிக்குத் தெருவுக்கே கேக்கற மாதிரி சொன்னல்ல? இன்னிக்கும் அப்படியே சொல்லு. என் தங்கச்சி கருக்கலன்னு சொல்லு."

அவள் குரல் உடைந்தது. அழுகை வந்தது. வந்தால் வரட்டும் என்று துடைக்காமல் நின்றாள்.

அண்ணன் தரையைப் பார்த்தான். வேன்காரம்மாவுக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் இது தன் சண்டை இல்லை என்று அடக்கிக்கொண்டாள்.

ஒயரக்கா மூக்கை உறிஞ்சிவிட்டு வேலையைப் பார்த்தாள். தளர்ந்த பிடியைப் பின்பக்கமாக உருவினாள். புதுப் பிடியை ஒயரில் வைத்துக் குறடால் அழுத்தி இறுக்கினாள். ஓட்டைக்குள் தள்ளி, க்ளக்கென்று உட்கார்ந்ததும் முள்ளை விட்டு இழுத்துப் பார்த்தாள். இறுகப் பிடித்தது. மற்ற ஓட்டைகளையும் விடாமல் பார்த்தாள். தளர்ந்திருந்த இன்னொன்றையும் மாற்றினாள். ஒயர்க்கட்டு ஆடாமல் இருக்க இழுத்துக் கட்டினாள். பிறகு வேன்காரம்மாவோடு ஏறி உட்கார்ந்து, வேண்டுமென்றே ஊரில் உள்ள மோசமான ரோட்டிலெல்லாம் வேனை விடச் சொன்னாள். வேகத்தடைகளில் வேன் துள்ளித் துள்ளி விழுந்தது. வேன்காரம்மாவின் பல் கடகடத்தது. ஒரு இடத்திலும் எஞ்சின் முனகவில்லை.

திரும்பி வந்தபோது அண்ணன் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். வேன்காரம்மா பழைய பெட்டியோடேயே பிள்ளைகளை ஏற்றப் போய்விட்டாள். போகிறபோது ஹாரனை நீளமாக அடித்துவிட்டுப் போனாள்.

"மச்சான வர வேண்டாம்னு சொல்லிடவா?" என்று மெல்லக் கேட்டான் அண்ணன்.

"ஏன்? வரட்டும். போன் எடுக்க ஆள் இல்லாம கஷ்டமா இருக்குன்னு சொன்னியே."

அவனுக்குச் சிரிப்பு வந்ததா, கோபம் வந்ததா என்று சொல்ல முடியவில்லை. அவள் கையை நீட்டினாள். "ஊசியக் கொடு."

"அப்பாவோடதும்மா."

"எனக்கும் அவருதான் அப்பா. கொடு."

கொடுத்தான். அதிலிருந்த கிளிப்பைக் கழற்றி எறிந்தாள். ஜன்னலோரம் போய்த் தடித்த நூலைக் கோத்தாள். முக்காலியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, வெளியே வந்திருந்த பஞ்சை உள்ளே தள்ளி, கிழிசலைத் தைக்க ஆரம்பித்தாள். தையல் கோணல்மாணலாகத்தான் விழுந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. இனி உட்காரப்போவது அவள்தானே.

முன்பக்கம் போன் அடித்தது. விடாமல் அடித்தது.

"அண்ணா, போன் அடிக்குது. எடு."

அண்ணன் போனான். எடுத்தான். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தாழ்ந்த குரலில் என்னமோ சொன்னான்.

"என்ன கேக்கறாங்க?" என்றாள் ஊசியை இழுத்துக்கொண்டே.

"வேன் கம்ப்யூட்டர உன் தங்கச்சி கருக்கிடுச்சாமே, என் வண்டிய எடுத்துட்டு வரலாமா வேண்டாமான்னு கேக்கறாரு."

"நீ என்ன சொன்ன?"

"இல்லன்னு சொன்னேன்."

"எனக்குக் கேக்கல. டீக்கடைக்கும் கேட்டிருக்காது."

அண்ணன் போனைத் திரும்பக் காதில் வைத்தான். பிறகு வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். "ஹலோ, கேக்குதுங்களா? என் தங்கச்சி எதையும் கருக்கல!" என்று கத்தினான். டீக்கடையில் ஆற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "நான்தான் கெடுத்தேன். அதுதான் சரி பண்ணிச்சு. வண்டியக் கொண்டாங்க, அது பார்க்கும்!"

ஒயரக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். முக்காலியை நிமிர்த்தி ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தாள்.